பன்னிரண்டு ஜோடிப் புல்

என்னை முதலில் கெடுத்தவன் குருவையா.

இதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். விட்டால் அவன் வேறு மாதிரி சொல்லிவிடுவான்.

குதிரைக்கல் பொத்தையில் நானும் ஆடு மேய்க்கிறேன், அவனும் மேய்க்கிறான். சின்ன மலையை எங்கள் பக்கம் பொத்தை என்போம். மழை குறைந்த வருஷம். புல் போதவில்லை. மேய்ச்சல் கமிட்டிக்காரர்கள் பார்க்க வந்தார்கள்.

குருவையா அவர்களை நேரே ஊத்தடிக்குக் கூட்டிப் போனான்.

ஊத்தடியில் பாறை இடுக்கில் தண்ணீர் கசியும். பொத்தையில் உள்ள ஆடு அத்தனையும் அங்கேதான் குடிக்கும். அவன் ஆடும்தான். குளம்பு பட்டுப் பட்டுத் தரை மொட்டையாகக் கிடந்தது.

"பாருங்கய்யா. எல்லாம் ஊர்க்காவலன் ஆட்டோட வேலை," என்றான்.

ஊர்க்காவலன் நான்.

கமிட்டித் தலைவர் கோமதிநாயகம் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் கூடிப் பேசுவோம். புல்லை அழிச்சது உம்ம ஆடுதான்னு முடிவாச்சுன்னா, பொத்தையை விட்டு இறக்கிரணும்."

இறக்கினால் எனக்கு வேறு மேய்ச்சல் கிடையாது. ஆட்டைச் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

•

பொத்தையின் உச்சியில் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஜெபக்கனி டீச்சர் இருந்தார். காலேஜில் பாடம் நடத்தியவர். அதை விட்டுவிட்டுப் புல்லைப் பார்க்க வந்தவர். எனக்கு மகள் வயசு.

அவர் பொத்தையில் பன்னிரண்டு இடத்தில் சதுரமாக உடைமுள் வேலி போட்டிருந்தார். உள்ளே ஆடு போக முடியாது. ஒவ்வொரு வேலியையும் ஒட்டி, அதே அளவில் இன்னொரு சதுரம். அதற்கு வேலி இல்லை. நாலு மூலைக்கு நாலு கல் மட்டும். அதில் ஆடு மேயலாம்.

எதற்கென்று யாருக்கும் தெரியாது. நானும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கொட்டகை வாசலில் போய் நின்றேன்.

"என் ஆடு புல்லை அழிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க தாயி."

"எனக்குத் தெரியாதே அண்ணாச்சி."

"நீங்க படிச்சவங்க."

"படிச்சதாலதான் தெரியாதுங்கேன்."

"குருவையாவுக்குத் தெரிஞ்சிருக்கே!"

"அவர் ஒரு இடத்தைத்தான் பாத்தார். அதான் சீக்கிரம் தெரிஞ்சுட்டு."

"அப்போ எனக்கு என்ன வழி?"

டீச்சர் உள்ளே போய் புல் அறுக்கிற பன்னருவாளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

•

வேலிக்கு உள்ளே பாதிச் சதுரம் அறுத்தோம். வெளியே பாதிச் சதுரம் அறுத்தோம்.

"முழுசையும் அறுத்தா என்ன?"

"பாதி கிடக்கட்டும்."

உள்ளே அறுத்தது ஒரு துணிப்பையில். அதற்குச் சிவப்புக் கிழிசல் அடையாளம். வெளியே அறுத்தது இன்னொரு பையில். இரண்டு பையையும் கழுத்தோடு கழுத்தாக ஒரே கயிற்றில் கட்டினார்.

அடுத்த இடம். மறுபடி இரண்டு பை. மறுபடி ஒரு முடிச்சு.

"உள்ளுக்குள்ள எல்லாம் ஒரு குவியல், வெளிய எல்லாம் ஒரு குவியல்னு போட்டு நிறுத்தா வேலை முடிஞ்சுது. எதுக்குத் தாயி இத்தனை முடிச்சு?"

டீச்சர் பல்லால் கயிற்றைக் கடித்து இறுக்கினார்.

கடைசியாக ஊத்தடி. அங்கேயும் ஒரு வேலி இருந்தது. உள்ளே புல் இடுப்புக்கு நின்றது. வெளியே மண்.

அருவாளைக் கீழே வைத்தேன்.

"இது ஒண்ணை விட்டிருவோம்."

"ஏன்?"

"எல்லா ஆடும் மிதிக்கிற இடம். இதைச் சேக்கது நியாயமில்லை."

"இதை விட்டா யாருக்கு நல்லது அண்ணாச்சி?"

"எனக்கு."

"அதனாலதான் விட முடியாது. வேலி போடும்போது வேணும்னு சேத்த இடம். புல்லைப் பாத்ததுக்கப்புறம் வேண்டாம்னு நீங்களும் சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது."

அறுத்தேன். வெளியே அறுக்க ஒன்றும் இல்லை. நாலு காம்பு. அதையும் பையில் போட்டேன்.

•

பைகளைக் கொட்டகைக்குப் பின்னால் கொடியில் காயப் போட்டார். வியாழக்கிழமை தராசு வாங்க டவுனுக்குப் போனார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பைகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஏறினேன்.

பார்த்ததும் சந்தைதான் கண்ணில் வந்தது.

ஆட்டுச் சந்தையில் விலை முடிந்த ஆட்டை இரண்டிரண்டாகக் கழுத்தைச் சேர்த்துக் கட்டுவார்கள். அப்படிக் கட்டின ஆடு பட்டிக்குத் திரும்பாது. அதனால் எங்கள் வீட்டில் எதையும் ஜோடி சேர்த்துக் கட்ட மாட்டோம். விறகைக்கூட.

இங்கே பன்னிரண்டு ஜோடி, கழுத்தோடு கழுத்தாக, காற்றில் ஆடிக்கொண்டு இருந்தது. மறுநாள் கமிட்டி.

ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். சிவப்புக் கிழிசல் பைகளை ஒரு பக்கம் அடுக்கினேன். மற்றதை இன்னொரு பக்கம். கயிறுகளைச் சுற்றி மேலே வைத்தேன். ஒரு புல் சிந்தவில்லை.

அதற்கப்புறம்தான் மூச்சு சீராக வந்தது.

•

வெள்ளிக்கிழமை விடிந்ததும் டீச்சர் என் பட்டிக்கே வந்துவிட்டார். கையில் கயிறு.

"யாரு அவுத்தது?"

"நான்தான் தாயி. ஒண்ணும் குறையலை. எண்ணிப் பாத்துக்கிடுங்க."

"எது எதோட இருந்துச்சு?"

"சிவப்பெல்லாம் ஒரு பக்கம்..."

"எது எதோட அண்ணாச்சி?"

சந்தை விஷயத்தைச் சொன்னேன். தலை கவிழ்ந்து கேட்டுக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு எளிது. மனசில் வைத்திருந்து பிறகு பேசிக்கொள்ளலாம். திட்டவில்லை.

"புல்லு அப்படியே இருக்கே, ரெண்டு குவியலையும் நிறுங்களேன்!" என்றேன்.

அது குட்டிகளைப் பால் குடிக்க விடுகிற நேரம். தாய் ஆடுகள் கத்திக்கொண்டு நின்றன. மூங்கில் கூட்டுக்குள்ளிருந்து குட்டிகள் கத்தின.

டீச்சர் கூட்டைத் திறந்தார். கையில் அகப்பட்ட குட்டியைத் தூக்கி, கண்ணில் பட்ட ஆட்டின் மடியில் விட்டார். ஆடு மோந்து பார்த்து முட்டித் தள்ளியது. இன்னொரு குட்டியைத் தூக்கி இன்னொரு ஆட்டிடம் விட்டார். அதுவும் உதைத்தது. மூன்றாவதை முட்டின முட்டில் குட்டி உருண்டு என் காலடியில் விழுந்தது.

"என்ன செய்யுதீங்க! அது அதோட தாய் இல்லை!"

"தாயும் எண்ணிக்கைக்கு இருக்கு. குட்டியும் எண்ணிக்கைக்கு இருக்கு. எண்ணிப் பாத்துக்கிடுங்க."

குட்டியைத் தூக்கினேன். அதன் தாயைத் தேடி விட்டேன். அது வாலை ஆட்டிக்கொண்டு குடித்தது.

மேட்டுப் புல்லுக்கு ஜோடி மேட்டுப் புல்தான். பள்ளத்துக்குப் பள்ளம்தான். அதை நான் குலைத்துவிட்டேன். மத்தியானம் கமிட்டி.

"போச்சா?" என்றேன்.

"பாதி போச்சு. பாதி நிக்குதுல்ல? ஓடுங்க, அருவாளை எடுங்க."

•

ஓடினோம். வயசான காலத்தில் அப்படி ஓடியதில்லை. அறுத்தோம், கட்டினோம். இந்தத் தடவை முடிச்சை நானே போட்டேன். போடும்போதெல்லாம் சந்தை ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு போட்டேன்.

"காய வைக்க நேரமில்லையே தாயி. பனி ஈரம் இருக்கு."

"ஜோடி ரெண்டுக்கும் ஒரே ஈரம். போதும்."

கொட்டகையில் தட்டுத் தராசைத் தொங்கவிட்டார். ஒரு தட்டில் வேலிக்குள் அறுத்தது, ஒரு தட்டில் அதன் ஜோடி. எந்தத் தட்டு மேலே போகிறதோ அதில் கல்லைப் போட்டு மட்டம் பார்க்கச் சொன்னார். போட்ட கற்களை எடுத்துத் தரையில் ஒரு கும்பலாக வைக்க வேண்டும். வேலிக்கு வெளியே புல் குறைவாக இருந்தால் அந்தக் கும்பல் மேல் ஒரு சிவப்புக் கிழிசல். அது எனக்கு எதிர். கூடுதலாக இருந்தால் கிழிசல் இல்லை.

ஒரு ஜோடி கல்லே இல்லாமல் மட்டமாக நின்றது. டீச்சர் அதை எடுத்துத் தூர வைத்தார்.

"அது எனக்கு நல்லதாச்சே! அதை ஏன் தள்ளுதீங்க?"

"அது யார் பக்கமும் பேசலை."

ஊத்தடிக்குக் கல் போதவில்லை. அம்மிக் குழவியைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. குழவியின் மேல் சிவப்புக் கிழிசல்.

பதினொரு கும்பல். சின்னதிலிருந்து பெரியதுக்கு வரிசையாக வைக்கச் சொன்னார். வைத்தேன். கடைசியில் குழவி, மற்ற பத்தையும் கூட்டினாலும் அதற்குக் காணாது போலக் கிடந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"முடிஞ்சுது. இது ஒண்ணே என்னை முழுங்கிரும். மொத்தமாக் கூட்டினா குருவையா சொன்னதுதான் வரும்."

"கூட்டச் சொல்லலையே. அது வரிசையில எத்தனாவது நிக்குது?"

"கடைசி. பதினொண்ணாவது."

"அப்போ அதுக்குப் பதினொரு புளியங்கொட்டை. அதுக்கு மேல ஒண்ணு கூடக் கிடையாது."

"மலை கனம் கனக்குதே!"

"கனக்கட்டும். பத்தாவதுக்குப் பத்து. முதலாவதுக்கு ஒண்ணு."

கொட்டைகளை வைத்துக்கொண்டே வந்தோம். பிறகு கிழிசல் இருந்த கும்பல்களின் கொட்டையை ஒரு டம்ளரிலும், இல்லாததின் கொட்டையை இன்னொரு டம்ளரிலும் போட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்தார்.

எதிர் டம்ளர் கொஞ்சம் கூடுதல்.

"சாஞ்சிருக்கு தாயி! எனக்கு எதிராத்தான் சாஞ்சிருக்கு!"

"சாஞ்சிருக்கு."

"அப்போ?"

டீச்சர் ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தரையில் ஒரு பக்கம் தேய்த்தார். தாயம் ஆடத் தேய்ப்போமே, அப்படி. ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு.

"போடுங்க."

"கமிட்டி கூடப்போகுது. தாயமா ஆடச் சொல்லுதீங்க?"

"ஒவ்வொரு கும்பலுக்கும் ஒரு தடவை. வெள்ளை விழுந்தா உங்களுக்கு எதிர். கறுப்பு விழுந்தா இல்லை."

போட்டேன். விழுந்தபடி கிழிசல்களை மாற்றி வைத்தார். கொட்டைகளைத் திரும்ப டம்ளரில் பிரித்தார். எனக்கு எதிராக முன்னைவிட அதிகமாகச் சாய்ந்தது.

மறுபடி போட்டேன். மறு பக்கம் சாய்ந்தது. அதுவும் அதிகமாக.

மறுபடி. மறுபடி. மட்டமாக நின்றது அபூர்வம். புல் காட்டின சாய்வை விடப் பெரிய சாய்வு சும்மா சும்மா வந்தது.

"இதுல உங்க ஆடு இருக்கா?" என்றார்.

"இல்லை."

"குருவையா இருக்காரா?"

"அவன் எதுக்கு இதுல?"

"கொட்டை மட்டும்தான் இருக்கு. அதுவே இவ்வளவு சாயுது."

எழுந்து துண்டை உதறினேன்.

"அப்போ என் ஆடு புல்லை அழிக்கலை!"

"அழிச்சுதுன்னு இந்தப் புல்லு சொல்லலை."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லை அண்ணாச்சி."

•

சமுதாயக் கூடத்தில் கமிட்டி கூடிவிட்டது. டீச்சருக்கு நாற்காலி போட்டார்கள். எனக்குப் போடவில்லை. கோமதிநாயகம் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார்.

குருவையா தூணில் சாய்ந்திருந்தான்.

"என்ன வே, புல்லுக்குத் தாயம் போட்டீராமே? எந்த ஆடு பழம் பழுத்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யார் யார் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

டீச்சர் எழுந்தார். புல் அறுத்ததைச் சொன்னார். தராசைச் சொன்னார். வரிசை வைத்ததைச் சொன்னார். கடைசியில், "ஆடு மேய்ஞ்சதால பொத்தையில புல்லு குறைஞ்சுதுன்னு சொல்ல முடியலை," என்றார்.

குருவையா தூணை விட்டு நிமிர்ந்தான்.

"ஊத்தடியில எவ்வளவு குறைச்சல்னு கேளுங்கய்யா!"

"ரொம்பக் குறைச்சல்," என்றார் டீச்சர். "எல்லா இடத்தையும் விட அங்கதான் குறைச்சல்."

"கேட்டீங்களா! டீச்சரே சொல்லியாச்சு!"

"மத்த பதினொரு இடத்துக்கு யாரைக் கூட்டிட்டுப் போனீங்க?"

அவன் கமிட்டிக்காரர்கள் பக்கம் திரும்பினான்.

"அதை விடுங்க. இவர் ரொம்ப யோக்கியரோ? ஏழெட்டு நாளா நான் ஆட்டைத் தண்ணிக்கு விடுற பாதையில முள்ளை வெட்டிப் போட்டது யாரு? அதைக் கேக்க ஆள் இல்லையா?"

அது வேறு விஷயம். அதற்கும் புல்லுக்கும் சம்பந்தம் இல்லை. கோமதிநாயகமும் அதைக் கேட்கவில்லை.

"ஆடு இப்போதைக்கு இருக்கட்டும்," என்றார் அவர். "ரெண்டு பேர் ஆடும். அடுத்த மழை கழிச்சு மறுபடி அறுத்துப் பாப்போம்."

தூணைப் பிடித்துக்கொண்டேன். ஆடு இருக்கிறது. சந்தை இல்லை. அடுத்த மழை வரைக்கும் இல்லை.

"அப்போ ஊர்க்காவலன் ஆட்டு மேல தப்பில்லைன்னு எழுதிக்கிடலாமா டீச்சர்?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"எழுதாதீங்க," என்றார் டீச்சர்.

குருவையா சிரித்தான்.

•

டீச்சரோடு பொத்தை ஏறினேன். கொட்டகை தெரிந்ததும் பொறுக்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீங்க."

"எந்த வார்த்தை?"

"சரி, உங்களை விடுங்க. அவன் சொல்லணும். ஊத்தடியில நின்னு, அதே ஆட்கள் முன்னால, 'நான் சொன்னது பொய்'னு அவன் வாயால சொல்லணும். அது எனக்கு வரவேண்டிய பாக்கி."

"பெரிய பாக்கியோ?"

"அம்மிக் குழவியெல்லாம் அதுக்கு முன்னால எம்மாத்திரம்?"

"அப்போ நிறுத்துப் பாத்திருவோம்."

டீச்சர் தராசைக் கையில் எடுத்துத் தூக்கிப் பிடித்தார். தட்டுகள் ஆடி நின்றன. விளையாட்டா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

"அதை இந்தத் தட்டுல வையுங்க."

"வெச்சுட்டேன்னு வெச்சுக்கிடுங்க."

"சரி. அதோட ஜோடியை அடுத்த தட்டுல வையுங்க."

"அதுக்கு என்ன ஜோடி?"

"எனக்கு எப்படித் தெரியும்? முடிச்சுப் போட்டது நான் இல்லையே."

கை வலிக்குமே என்று பார்த்தேன். அவர் கையை இறக்கவில்லை. அந்தத் தட்டு வெறுமையாக என் நெஞ்சுக்கு நேரே நின்றது.

"ஆட்டைத் தண்ணிக்கு விடணும், நேரமாச்சு," என்றேன்.

குருவையாவின் தண்ணிப் பாதையில் முள் அப்படியே கிடந்தது; சுற்றிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

குருவையா இன்றுவரை அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அது எனக்கு வரவேண்டியதுதான்.